வாசிக்காமல் விட்ட வரி

மடல் எழுதியாகிவிட்டதா, மடல் எழுதியாகிவிட்டதா என்று நம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் கேட்கிறீர்கள். எழுதியாகிவிட்டது. ஆனால் நீங்கள் கேட்ட ஆறு மடல் இல்லை, ஏழு. அந்த ஏழாவது யாருக்கு என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். குரல் பதிவாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் பாதி கேட்டுவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். உங்களைத் தெரியாதா எனக்கு?

மலையாளப் பள்ளிக்கூடங்களில் செய்வதைப் பார்த்து நாமும் பழைய ஆசிரியர்களைக் கூப்பிட்டு மரியாதை செய்கிற குருவந்தனம் வைக்கிறோம். நல்ல காரியம்தான். பொன்னாடை, பழத்தட்டு, சட்டம் போட்ட நன்றி மடல். கம்ப்யூட்டரில் அடித்தால் உயிர் இருக்காது, உன் கையெழுத்தில்தான் வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து அந்த வேலையை என் தலையில் கட்டினீர்கள். நம்மோடு படித்த ஜீப் டிரைவர் பட்டியல் போட்டான். கணக்கு சார், தமிழ் ஐயா, டிரில் மாஸ்டர் என்று ஆறு பேர். "மலையாளம் டீச்சர்?" என்று நான் கேட்டேன். அவன் எழுதினான்: "ஒரு மழைக்காலம்கூட முழுசா இருக்கலையே அந்தம்மா. நாமதான தொரத்தி விட்டோம்." கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை. அதற்குக் கீழே இன்னும் பதினோரு பேர் சிரித்திருந்தீர்கள். ஒவ்வொன்றாக யார் யார் என்று பார்த்தேன்.

அது நாம் ஒன்பதாவது போன வருஷத்து ஜூன். சின்னக்கானல் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறது. தகரக் கூரையில் மழை இறங்கினால் சார் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். தேயிலை ஃபாக்டரியில் கொழுந்து வாடுகிற மணம் மூடுபனியோடு சேர்ந்து வகுப்புக்குள்ளேயே வந்து உட்காரும். கொழுந்தெடுக்கையில் அம்மாமார் இடுப்பில் கட்டுகிற படங்கில் கிழிந்ததைத்தான் நாம் தலையில் போட்டுக்கொண்டு வருவோம். எல்லோருடைய புத்தகமும் ஈரத்தில் உப்பி மூடாமல் நிற்கும். இப்போது என் வீட்டுக்குக் கான்கிரீட் கூரை. மழை பெய்வது ஜன்னலைத் திறந்தால்தான் தெரிகிறது. அந்தச் சத்தத்தை ஒரு நாள், ஒரே ஒரு பீரியடு, மறுபடி கேட்க முடியுமானால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அந்த மழையில்தான் டீச்சர் வந்து இறங்கினார். ஒல்லி உடம்பு, வெள்ளைப் புடவை, தன்னைவிட உயரமான கறுப்புக் குடை. முதல் நாளே குதிகாலில் அட்டை கடித்து, ரத்தம் வழிய வகுப்பில் நின்றார். நாம் சிரித்தோம். குடைக்கம்பி என்று பேர் வைத்தது யார் என்று இப்போது கேட்டால் ஆளுக்கொருவரைக் கைகாட்டுவீர்கள். ஜீப் டிரைவர்தான் வைத்தான். டீச்சருக்குத் தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாது என்பது நம் எண்ணம். வகுப்பில் அவர் வாயிலிருந்து மலையாளம் தவிர வேறு வந்ததே இல்லை. அதனால் அவர் முகத்துக்கு நேரேயே, "குடைக்கம்பி இன்னைக்கு மூக்கச் சிந்திக்கிட்டே வந்துருக்குடி" என்று பேசிக்கொள்வோம். அவர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒன்று உண்டு. நான் இடதுகைக்காரி. மற்ற சார்கள் அத்தனை பேரும் ஸ்கேலால் என் விரல் முட்டியில் தட்டி வலதுகையில் பேனாவைத் திணித்தவர்கள்தான். டீச்சர் முதல் நாள் என் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நோட்டை மட்டும் மெல்லச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் கை மையில் தேய்வது நின்றது. எழுத்தெல்லாம் இடது பக்கம் சாய்ந்து, ஆனால் வரிசையாக நிற்கும். நீங்கள் இப்போது புகழ்கிற அந்தக் கையெழுத்து அப்படி வந்ததுதான்.

மலையாளப் புத்தகம் நமக்கு ஏறவில்லை. அதிலிருந்த தென்னந்தோப்பும் படகும் நாம் பார்த்திராதவை. ஒரு வாரம் பார்த்துவிட்டு டீச்சர் புத்தகத்தை மூடினார். வீட்டில் மலையாளம் எழுதிய எந்தக் காகிதம் இருந்தாலும் கொண்டு வரச் சொன்னார். தீப்பெட்டி வந்தது, கல்யாணப் பத்திரிகை வந்தது, கரண்டு ஆபீஸ் நோட்டீஸ் வந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகும் ஒரு மணி நேரம் நம்மை உட்கார வைத்து, "வாயிக்கு, வாயிக்கு" என்று ஒவ்வொருவரையும் வாசிக்க வைத்தார்.

கீழ் லயத்துப் பையன் ஒரு நாள் தங்கள் லயத்து வீட்டு வரிசைத் தூணில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பிய்த்துக்கொண்டு வந்தான். ஞாபகம் இருக்கிறதா? எழுத்துக் கூட்டி வாசித்தான். ஓட்டைக் கூரையை மாற்ற வேண்டிய வீட்டுக்காரர்கள் மனுக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. கடைசித் தேதி போன மாதமே முடிந்திருந்தது. அந்த மழை முழுக்க அவன் வீட்டில் நாலு இடத்தில் பாத்திரம் வைத்திருந்தார்கள். அவன் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அன்றைக்குத்தான் நாம் டீச்சரைக் கிண்டல் பண்ணாமல் வீட்டுக்குப் போனோம்.

அதற்கடுத்த வாரம் ரேஷன் கார்டு கொண்டு வரச் சொன்னார். அங்கேதான் வினை.

நம் பெரியவர்களுக்கு அப்போது ஒரே பயம்தான். எங்கேயிருந்து வந்தாய், எப்போது வந்தாய் என்று எவனாவது காகிதத்தோடு வந்து நிற்பான் என்று. தமிழ்நாட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இந்தக் கேரளத்துத் தேயிலை மலையில் வேலை பார்த்தும் அந்தப் பயம் போகவில்லை. எங்கள் வீட்டில் அது இரண்டு மடங்கு. போடியில் பெரியப்பா வீட்டுக் கார்டில் அப்பா பெயரும் இருந்தது. மலையேறி வந்து எத்தனையோ வருஷமாகியும் யாரும் போய் அதை வெட்டவில்லை. பெரியப்பா செத்த பிறகு அந்தக் கார்டு எப்படியோ எங்கள் டிரங்குப் பெட்டிக்கு வந்துவிட்டது. அதில் ஒரு படி அரிசி வாங்கியதில்லை. ஆனால் ஒருவன் பெயர் இரண்டு மாநிலத்துக் கார்டிலும் இருப்பது தெரிந்தால் இங்கே இருக்கிற கார்டும் போய்விடும், லயத்தையும் காலி பண்ணச் சொல்வார்கள் என்று அப்பா உறுதியாக நம்பினார்.

நான் அம்மாவிடம் கேட்காமல் பெட்டியிலிருந்து கார்டை எடுத்துப் போனேன். இங்கத்திய கார்டின் மடிப்புக்குள் போடிக் கார்டு செருகி இருந்தது எனக்குத் தெரியாது. வகுப்பில் நான் எழுந்து விரித்தபோது அது டீச்சர் காலடியில் விழுந்தது. டீச்சர் குனிந்து எடுத்தார், ஒரு பார்வை பார்த்தார், சட்டென்று தன் பைக்குள் போட்டுக்கொண்டார். உங்களில் யாரும் கவனிக்கவில்லை. நான் இங்கத்திய கார்டை வாசித்து முடித்தேன்.

அன்று சாயந்திரம் கங்காணி வீடு வீடாக வந்தார். எங்கள் லயத்து ஆட்களை வேலைக்குக் கூட்டிப் போகிறவர், அப்பாவுக்கு மச்சான் முறை. "அந்த மலையாளத்துக்காரி பிள்ளைககிட்ட கார்டக் கொண்டாரச் சொல்லி எழுதி எடுத்திருக்கா. கணக்கெடுக்க அனுப்பின ஆளுய்யா அவ. எல்லாரும் பெட்டியப் பாருங்க."

அப்பா பெட்டியைப் பார்த்தார். "போடிக் கார்டு எங்க?"

என் கையிலிருந்து விழுந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. "டீச்சர் எடுத்துக்கிட்டாக" என்றேன். பொய் இல்லை. ஆனால் உண்மையுமில்லை.

மறுநாள் காலை, பெல் அடிக்கும் முன் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு என் மலையாள நோட்டைக் கையில் கொடுத்தார். உள்ளே காகிதத்தில் சுற்றிக் கார்டு இருந்தது. உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். "அம்மைக்கு கொடுக்கு" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அம்மா கையில் கொடுத்துவிட வேண்டும் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டேயிருந்தேன்.

வீட்டுக்குப் போனால் யாருமில்லை. எல்லோரும் பிரட்டுக் களத்தில், காலையில் ஆளுக்குப் பேர் கூப்பிடும் அந்த முற்றத்தில், கூடியிருந்தார்கள். டீச்சரை மாற்றச் சொல்லி மனு எழுத ஆள் வேண்டும். "நம்ம பிள்ளை எழுத்து அச்சு மாதிரி இருக்கும்" என்று அப்பாவே என்னைக் கூப்பிட்டார். கவிழ்த்துப் போட்ட கொழுந்துக் கூடையில் உட்கார வைத்தார்கள். வெள்ளைத் தாளுக்கு அடியில் வைத்து எழுத ஒரு நோட்டு எடுத்துக்கொள் என்றார்கள். பையிலிருந்து கைக்கு வந்தது அந்த மலையாள நோட்டு. கார்டு உள்ளேயே இருந்தது.

கங்காணி சொல்லச் சொல்ல எழுதினேன். பள்ளிக்கூடம் விட்ட பின்னும் பிள்ளைகளை நிறுத்தி வைக்கிறார், ஆனை நடமாடுகிற பாதை. பாடப் புத்தகம் நடத்துவதில்லை. வீட்டுக் காகிதங்களைக் கேட்டு வாங்குகிறார்.

"கார்டையும் எழுதச் சொல்லுங்க மச்சான். அதான் முக்கியம்" என்றார் அப்பா.

"ஆமா. எழுது தாயி. இன்னாரோட போடி ரேசன் கார்ட எடுத்து வச்சுக்கிட்டு இதுவரைக்கும் திருப்பித் தரல."

என் பேனா நின்றது.

"என்னத்தா, மை தீந்துபோச்சா?"

"இல்ல மாமா."

எழுதினேன். 'இதுவரை திருப்பித் தரவில்லை' என்று அந்தக் கார்டின் மேலேயே அழுத்தி எழுதினேன். தாளுக்கடியில் அதன் மேடு விரலுக்குத் தட்டுப்பட்டது. சொன்னால் அப்பா அத்தனை பேர் முன்னால் அடிப்பார் என்ற பயம். அவ்வளவுதான் காரணம். பதினான்கு வயதுக்கு அது பெரிய காரணம்.

நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள், பாதிக்கு மேல் கைநாட்டு. ஒருவரும் வாசித்துப் பார்க்கவில்லை. பின்னால் நான் முப்பத்தொரு வருஷம் பஞ்சாயத்து ஆபீஸில் மனுக்களோடு குடித்தனம் நடத்தியவள். எவரும் அறியக் கூடாது என்று பயந்த சங்கதியைத் தாங்களே எழுதி, ஊரே கையெழுத்துப் போட்டு, அரசாங்கத்துக்கு ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பியவர்களை அதற்கப்புறம் நான் கண்டதில்லை. நம் அப்பன்மார்தான். பயம் வந்தால் மனிதனுக்குக் கண்ணும் தெரிவதில்லை.

கார்டை நான் அன்றிரவே பெட்டியின் அடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே தள்ளிவிட்டேன். பத்து நாள் கழித்து அப்பா கண்டெடுத்தார். "இங்கதான் கெடந்திருக்கு" என்றார் அம்மாவிடம். அம்மா என்னைப் பார்த்தாள். மனு போய்விட்டதே என்று அம்மா கேட்டதற்கு, "போனது போச்சு, விடு" என்று அடுப்பில் அந்தக் கார்டைச் செருகினார். டீச்சர் மேல் தப்பில்லை என்று போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் சாகும்வரை நாங்கள் அதைப் பேசியதே இல்லை.

ஓணப் பரீட்சைக்கு முன்னால் டீச்சர் போனார். ஜங்ஷனில் டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றது நம் வகுப்பு ஜன்னலிலிருந்து தெரிந்தது. "குடைக்கம்பி போகுது டோய்!" என்று ஜீப் டிரைவர் கத்தினான். அவர் நிமிர்ந்து பார்த்தார். மூடியிருந்த குடையை ஒரு தடவை தூக்கிக் காட்டினார். நீங்கள் எல்லாம் கைதட்டினீர்கள். நான் பெஞ்சுக்கு அடியில் விழாத பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் போன மாதம் ஆறு மடலுக்கும் தாள் வாங்கி வைத்துவிட்டு ஒன்றும் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பழைய ஆபீஸ் சிநேகிதி ஒருத்தி விசாரித்து டீச்சரின் விலாசம் வாங்கித் தந்தாள். பாலக்காட்டுக்குக் கிழக்கே, வாளையாருக்குப் போகும் வழியில். மூணாறில் பஸ் ஏறி, மறையூரில் வெல்லம் காய்ச்சுகிற மணத்தைத் தாண்டி, உடுமலை, பொள்ளாச்சி என்று மாறி மாறிப் போனேன். ரோட்டோரம் லாரிகள் வரிசையாக நின்றன. டீச்சர் வீட்டுக்குப் பக்கத்து மாமரத்தின் இலையெல்லாம் சிமெண்ட் ஃபாக்டரித் தூசியில் வெளுத்திருந்தது. வழியெல்லாம் மலையாளத்தில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மன்னிப்புக் கேட்கிற வார்த்தையை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

கதவைத் திறந்தவருக்கு எண்பது தாண்டியிருக்கும். அதே ஒல்லி. நான் மலையாளத்தில் ஊர்ப் பேரையும் பள்ளிக்கூடத்தையும் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் முகத்தையல்ல, என் இடது கையைப் பார்த்தார்.

"உள்ள வா கண்ணு. குடைக்கம்பி இப்ப துருப்புடிச்சுப் போச்சு, நிக்க முடியறதில்ல. உக்காந்து பேசலாம்."

சுத்தமான கோயமுத்தூர்ப் பக்கத்துத் தமிழ். வாசலிலேயே நின்றபடி கேட்டேன்: "டீச்சருக்குத் தமிழ்..."

"என்ற ஊட்டுல பேசறதே தமிழ்தான். தெரியும்னு தெரிஞ்சா நீங்க ஒருத்தராச்சும் மலையாளத்துல வாயத் தொறந்திருப்பீங்களா? அதான் சொல்லல." சிரித்தார். "காது மட்டும் நல்லாத் தொறந்து வெச்சிருந்தேன்."

நினைத்துப் பாருங்கள். நாம் பேசிய ஒவ்வொன்றும். நான் தரையைப் பார்த்துக்கொண்டே மனுவைப் பற்றி ஆரம்பித்தேன். பாதியில் கையமர்த்தினார்.

"அத நாந்தான கண்ணு வாசிச்சேன்."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தமிழில் எழுதிய மனு கல்வி ஆபீஸுக்குப் போயிருக்கிறது. அங்கே தமிழ் வாசிக்கிற ஆள் அன்றைக்கு இல்லை. விசாரணைக்கு இவரைக் கூப்பிட்ட ஆபீசர், யாரைக் கொண்டு வாசிப்பது என்று மேசையில் தாளை வைத்துக்கொண்டு முழித்திருக்கிறார். "எனக்குத் தமிழ் தெரியுமுங்க, நானே வாசிக்கறேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டாராம் டீச்சர். தன்மேல் வந்த மனுவைத் தானே வரிவரியாக மலையாளத்தில் ஆபீசருக்குச் சொன்னாராம்.

"முதல் வரியிலயே உன்ற எழுத்துன்னு தெரிஞ்சுபோச்சு. எல்லாம் இடது பக்கம் சாஞ்சு நின்னுச்சு. ஒண்ணும் மாத்தல கண்ணு, இருந்தது இருந்தபடி வாசிச்சேன். ஒரு வரிய மட்டும் விட்டுட்டேன்."

எந்த வரி என்று நான் கேட்கவில்லை.

"அதுக்கு நான் பதில் சொல்லியிருக்கலாம். அடுத்த நாளே திருப்பிக் குடுத்துட்டேன்னு. ஆனா அப்படிச் சொல்லோணும்னா அந்தக் கார்டு இருக்குதுன்னு சொல்லோணுமல்ல? உங்கப்பன் கதி என்னாகறது?" என்றார். "மத்ததெல்லாம் நெசந்தான. நிறுத்தி வெச்சேன், ஆனப் பாதைதான், பாடத்த மூடித்தான் வெச்சேன். வயநாட்டுக்கு மாத்தினாங்க. அங்கயும் நல்ல புள்ளைங்கதான். மழைதான் சாஸ்தி."

நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை. பஞ்சாயத்து ஆபீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதினபோது மலையாளத் தாளில் தேறியது அவர் தீப்பெட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்ததால்தான் என்று அழுகைக்கு நடுவே எப்படியோ சொல்லி முடித்தேன். "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டே எனக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். குருவந்தனத்துக்கு வர வேண்டும், கார் அனுப்புகிறோம் என்றேன்.

"அவ்வளவு தூரம் முடியாது கண்ணு. பொன்னாடையெல்லாம் எனக்கெதுக்கு?" வாசல் வரைக்கும் வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மடல் எழுதறேன்னு சொன்னியே. உன்ற கையெழுத்துல நான் முழுசா வாசிச்சது அந்த ஒண்ணுதான். இன்னொன்னு எழுதி அனுப்பு. கண்ணு தெரியற வரைக்கும் வெச்சு வாசிச்சுக்கறேன்."

ஏழாவது மடலை எழுதிவிட்டேன். அவர் சொல்லிக் கொடுத்த மலையாளத்தில் ஒரு பக்கம், அவர் மறைத்து வைத்திருந்த தமிழில் ஒரு பக்கம். அன்றைக்கு ஆபீசருக்கு அவர் வாசிக்காமல் விட்ட வரியைத்தான் முதல் வரியாக வைத்திருக்கிறேன், கடைசியில் மட்டும் திருத்தி: 'எங்கள் கார்டை எடுத்து வைத்து, மறுநாள் காலையிலேயே யாருக்கும் தெரியாமல் திருப்பித் தந்தீர்கள்.'

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என் வீட்டில் மேசைமேல் இருக்கும். அன்றைக்கு மனுவில் கையெழுத்துப் போட்டது நாற்பத்தொரு பேர். அவர்கள் பிள்ளைகள் நாம் இருபத்தெட்டுப் பேர் மிச்சம் இருக்கிறோம். சிரித்த பதினோரு பேர் முதலில் வரவும். ஜீப் டிரைவர் எல்லோருக்கும் முன்னால். வந்து கையெழுத்துப் போடுங்கள். இந்தத் தடவை வாசித்துவிட்டுப் போடுங்கள்.